‘பழகிடும்’ என்ற சொல்லும் நோவு மருந்தும்

கடுமையான நோவுக்கு வைத்தியர் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தால் எங்கள் ஊர்ப்பக்கம் முதலில் கேட்கப்படும் கேள்வி, “இது பழகிடுமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் ‘பழகிடும்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலப்பினால் நோயாளிகள் வீணாகத் துன்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அச்சொல்லைப் பிரித்துக் காட்டவே இதனை எழுதுகிறேன்.

இங்கே பேசப்படுபவை அபின் வகை மருந்துகள். நமது சமையலறைக் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறும்போது வடிகிற பால்தான் அபின். அரபியில் ‘அஃப்யூன்’ என்பார்கள். இப்னு ஸீனா தமது மருத்துவ நூலான ‘அல்கானூனில்’ இதை நோவை மரக்கச் செய்யும் வலிமையான மருந்தாகக் குறிப்பிட்டிருக்கிறார். 1037இல் வபாத்தாவதற்கு முன் அவர் வயிற்று நோயால் வருந்திய நாட்களில், அவரது பணத்தைத் திருடிய பணியாளர்கள் மருந்திலே அபினை அளவுக்கு மிஞ்சிக் கலந்துவிட்டதாக அவரது மாணவர் அல்ஜூஸ்ஜானி எழுதுகிறார். மருந்தாவதும் நஞ்சாவதும் அளவைப் பொறுத்தது என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியரான சேர்ட்யூனர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். கோடீன், ட்ரமடோல், ஒக்சிகோடோன், ஃபென்டனில் எல்லாம் மூளையிலும் முள்ளந்தண்டிலும் மோர்பினைப் போலவே வேலை செய்பவை.

இனி அந்த மூன்று அர்த்தங்களுக்கு வருவோம்.

முதலாவது, உடல் மருந்துக்கு ஈடுகொடுக்கப் பழகுவது. நேற்று ஒரு குளிசையில் அடங்கிய நோவுக்கு நாளடைவில் அது போதாமற் போகலாம்.

இரண்டாவது, உடல் மருந்தைச் சார்ந்திருப்பது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் வரும். இது யாருக்கும் வரலாம். ஸ்டீரொய்ட் மருந்தையும்தான் நீண்டகாலம் எடுத்தவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதற்காக அவரை அடிமை என்கிறோமா? இல்லை. மெதுமெதுவாகக் குறைத்தால் இந்த நிலையைச் சமாளிக்கலாம்.

மூன்றாவதுதான் அடிமையாதல். மருந்தின் மேல் அடங்காத வேட்கை, தீங்கு வருவது தெரிந்தும் விட முடியாமை, குடும்பமும் தொழிலும் பின்தள்ளப்படுதல் ஆகியன இதன் அடையாளங்கள். இது சிலருக்கே வருகிறது. அளவும் காலமும் கூடினால், முன்பு வேறு போதைப் பழக்கம் இருந்திருந்தால், மனநோய் இருந்தால், ஆபத்துக் கூடும்.

இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு நாடுகள் சாட்சி.

அமெரிக்காவில் 1980இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் ஐந்து வசனங்கள் மட்டுமே கொண்ட ஒரு கடிதம் வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் தங்கி இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேருக்கே அடிமைத்தனம் பதிவாகியது என்றது அது. வீட்டிலிருந்து வருடக்கணக்கில் குளிசை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ‘இது பழகாது’ என்பதற்கான ஆதாரமாக அதனைப் பலர் காட்டினார்கள். 1996இல் ஒக்சிகொன்டின் சந்தைக்கு வந்தது. அதன் அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துக் காட்டி விற்ற குற்றம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, சுமார் 60 கோடி டொலர் செலுத்தப்பட்டது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பின்னர் ஹெரோயினும் சட்டவிரோத ஃபென்டனிலும் சேர்ந்துகொள்ள, 2021இல் மட்டும் 80,000க்கும் மேற்பட்டோர் இவ்வகைப் பொருட்கள் மிஞ்சி இறந்தனர்.

அச்சம் பிறகு மறுபக்கம் சாய்ந்தது. 2016இல் வந்த வழிகாட்டலைக் கடுஞ்சட்டமாக எடுத்துக்கொண்டு, பல வருடம் மருந்தெடுத்தவர்களுக்கும் சில இடங்களில் திடீரென நிறுத்தினார்கள். திடீர் நிறுத்தம் கடும் நோவுக்கும் தற்கொலைக்கும் வழிவிடுகிறது என்று 2019இல் அந்நாட்டு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. 2022இல் வழிகாட்டல் திருத்தப்பட்டது.

இந்தியாவின் கதை நேரெதிரானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையாக இருந்ததால் மருந்தகங்கள் மோர்பினை வைத்திருக்கவே பயந்தன. அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் மோர்பின் இல்லாமல் துடித்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய நோவுத் தணிப்புச் சங்கம் இதை மாற்றப் பாடுபட்டது. மலப்புறத்தில் ஊர் மக்களே தொண்டர்களாகி வீடுவீடாகச் சென்றார்கள். சட்டமும் 2014இல் தளர்த்தப்பட்டது.

அப்படியானால் எல்லா நோவுக்கும் இம்மருந்து பொருத்தமா? அதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு நோவு, முழங்கால் தேய்மானம் போன்றவற்றில் அமெரிக்காவில் 240 பேரை ஒரு வருடம் அவதானித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மருந்துகளை விட அபின் வகை மருந்துகள் நாளாந்த வாழ்க்கையை அதிகம் இலகுவாக்கவில்லை. இத்தகைய நோவுக்கு உடற்பயிற்சி, பிசியோதெரபி, எடை குறைத்தல், தூக்கத்தைச் சீராக்குதல், நரம்பு நோவுக்கென உள்ள வேறு மருந்துகள் என்பனவே முதற்படி. புற்றுநோய், பெரிய சத்திரசிகிச்சை, அந்திமகாலம் என்பவற்றின் கணக்கு வேறு.

என் சாச்சாவுக்குப் புற்றுநோய் எலும்பிலே பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மோர்பினை வீட்டார் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். “அது போதை மருந்து, ஹறாம். கடைசி நேரத்தில கலிமா சொல்லவும் நினைவிருக்காது” என்றார்கள். தாதியாக இருக்கும் மச்சாள் வந்து விளக்கிய பிறகே குளிசை கொடுக்கப்பட்டது. மறுநாள் காலை அவர் கட்டிலில் இருந்தபடியே ஸுபஹ் தொழுதார். அதற்கு முந்திய இரவுகளில் நோவின் கத்தலில் அவருக்கு ஒரு ஸூறாவைக்கூட ஓதி முடிக்க முடிந்ததில்லை. நிர்ப்பந்தமான தேவைக்காக, தகுதியுள்ள வைத்தியர் அளந்து தரும் மருந்தை ஆகுமானதாகவே உலமாக்கள் பரவலாகக் கருதுகிறார்கள். ஆகவே மார்க்கத்தின் பெயரால் நோயாளியைத் துடிக்க விடத் தேவையில்லை.

“பழகிடுமா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். இந்த நோவுக்கு வேறு வழிகள் பார்த்தாயிற்றா? இதை எடுத்தால் நடக்க, தூங்க முடியுமா, அதை எப்போது மீண்டும் பார்ப்பீர்கள்? எடுத்துக்கொண்டிருக்கும் நித்திரைக் குளிசையோடு இது சேருமா? ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. மலச்சிக்கலுக்கு என்ன செய்வது? வீட்டில் பூட்டி வைப்பதும், மற்றவருக்குக் கொடுக்காதிருப்பதும் நமது பொறுப்பு. கடைசியாக, முதல் நாளே கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு: “டொக்டர், இதை எப்போது, எப்படிக் குறைத்து நிறுத்துவது?”