கை நடுங்கும் வேளை

பச்சைத் துணி போர்த்திய மேசை. அதன்மீது அசையாது நிற்கும் ஒரு பந்து. குறுக்கே ஓடிவந்து தடுப்பாரில்லை. எதிராளியின் நிழலும் நம்மீது படுவதில்லை. அவ்வாறிருக்க, ஸ்நூக்கர் ஆட்டக்காரரின் கை நடுங்குவானேன்? பந்து அசையாது நிற்பதே அதற்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. விரைந்து வரும் பந்தை அடிப்பவருக்கு அஞ்சுவதற்கு நேரமில்லை. இங்கோ வேண்டிய மட்டும் உண்டு. அதனினும் கொடியது நாற்காலி. மற்றவர் ஆடும் வரை வாளாவிருந்து பார்ப்பதன்றி வேறொன்றும் செய்வதற்கில்லை.

இவ்வாட்டம் 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே தோன்றி, பின்னர் நம் உதகமண்டலத்தில் விதிமுறைகள் பெற்றது என்பர். ஆயினும் நாம் சொல்ல வந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், 1985 ஏப்ரல் 27, 28 ஆகிய நாட்களில் நடந்த உலகப் பட்ட இறுதிப் போட்டியைப் பற்றியே.

ஸ்டீவ் டேவிஸ் அதற்குமுன் மும்முறை பட்டம் வென்றவர், வயது 27. டெனிஸ் டெய்லர் வட அயர்லாந்தினர்; வயது 36. அதற்கு முந்திய ஆண்டில் தாயை இழந்த துயரால் ஒரு போட்டியினின்று விலகி, அவ்வாண்டிலேயே தம் முதல் பெரும் பட்டத்தையும் வென்றவர். 18 ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே வெற்றி. டேவிஸ் 8-0 என முந்தினார். இனி இழப்பதற்கு ஏதுமில்லை என்ற நிலையில் உள்ளவனுக்கு ஒருவகை விடுதலை உண்டு போலும்! அன்றிரவே 9-7 ஆயிற்று. மறுநாள் 17-15 எனப் பின்தங்கியும் டெய்லர் 17-17 என எட்டிப் பிடித்தார்.

கடைசி ஆட்டம் 68 நிமிடங்கள் நீடித்தது. நள்ளிரவு கடந்தும் 1 கோடியே 85 இலட்சம் பேர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். நான்கு பந்துகளே எஞ்சியிருக்க, 62-44 என டேவிஸ் முந்தியிருந்தார். நான்கும் டெய்லருக்கு வேண்டும். பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு ஆகிய மூன்றும் வீழ்ந்தன. இப்பொழுது 62-59, எஞ்சியது ஏழு புள்ளிக் கறுப்புப் பந்து ஒன்றே.

அச்சம் முதலில் கையைத்தான் பிடிக்கிறது. கோலை இலேசாகப் பற்ற வேண்டிய விரல்கள் இறுகுகின்றன. கோல் நேர்கோட்டினின்று பிசகுகிறது. முடிவைக் காணும் ஆவலில் தலை முன்னதாகவே நிமிர்கிறது. தேர்வு மண்டபத்தில் பேனாவை நெரிக்கும் பிள்ளைகளைக் கண்ட பெற்றோருக்கு இது புதிதன்று. மூச்சை மெல்ல விட்டு, புள்ளிக் கணக்கை மறந்து, எதிரே நிற்கும் இந்த ஒரு பந்தை மட்டும் காண்பதே ஆட்டக்காரர்கள் பழகும் பாடம். சொல்லுதல் எளிது!

அவ்விரவில் இருவருமே அதில் தவறினர். டெய்லர் முயன்று தவறவிட்டார். பின்னர் டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மற்ற நாட்களில் அவர் தவறவிடும் அடியன்று அது. பந்தை வேண்டியதற்கும் மெல்லியதாகத் தொட்டுவிட்டார். டெய்லர் எழுந்து வந்து, குனிந்து, கறுப்பை வீழ்த்தினார். போட்டி முழுவதிலும் அவர் முந்தியது அந்த ஒரே கணத்தில்தான்!

டேவிஸ் 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளிலும் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். டெய்லர் மறுமுறை வென்றாரில்லை. 2010-இல் இருவரும் அதே அரங்கில், அந்தக் கடைசிப் பந்தைச் சிரித்துக்கொண்டே மீண்டும் ஆடிக் காட்டினர்.