வோக்கி டோக்கி வாங்குமுன்

சூறாவளியில் மின்சாரம் நின்றால், சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடலாம். அவ்வேளை குளக்கட்டில் காவல் நிற்பவர் முகாமுக்குச் செய்தி சொல்ல வோக்கி டோக்கி உதவும். பெட்டியில் எழுதியுள்ள கிலோமீற்றர் கணக்கை நம்பவேண்டாம். இதன் அலை பெரும்பாலும் நேராகவே செல்லும். மேடும் அடர்ந்த மரங்களும் மறிக்கும். 5 வாற்றுக் கருவியோடு பள்ளத்தில் நிற்பவரைவிட, 2 வாற்றோடு கட்டில் ஏறி நிற்பவரின் குரலே அநேகமாகத் தூரம் போகும். ஆகவே முதலில் இரண்டை இரவல் வாங்கி, உங்கள் இடத்திலேயே பேசிப் பாருங்கள். கடையில் விற்கும் சாதாரண பற்றரியிலும் இயங்குவது நல்லது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். அனுமதியற்ற கருவி வீண் தொல்லை.

பொத்தானை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். முடிந்ததும் விரலை எடுங்கள்; அழுத்தியபடியே இருந்தால் மறுபக்கத்தின் பதில் உங்களுக்குக் கேளாது. வெள்ளம் உயரும் இரவில் முகாமிலுள்ள கருவியை அணைக்கவேண்டாம்.