உபகாரமா, உரிமையா?

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பெருவழியில் அமைந்த எலவனாசூர்கோட்டையில் நின்று பார்ப்போருக்கு, இரவு பகல் பாராது பஸ் ஓட்டிச் செல்லும் சாரதிகளின் உழைப்பு கண்கூடு. அவர்களுக்கும் ஆகாயத்தில் விமானம் செலுத்துவோருக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஆயினும் முதுமையைப் பற்றிய கவலை இருவர்க்கும் ஒன்றே. வாக்களித்த ஓய்வூதியத்தை நிர்வாகம் பிற்பாடு தன்னிஷ்டம்போல் மாற்றலாமா என்பதே அக்கவலை.

பென்ஷனுக்கு 'உபகாரச் சம்பளம்' என்று முன்னாளில் பெயர் வழங்கினர். பெயரிலேயே பிழை இருக்கிறது. இன்று கொடுக்கவேண்டிய கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து நாளை கொடுப்பது உபகாரமாகாது. பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும். ஓய்வூதியம் எஜமானரின் தயவைப் பொறுத்த கொடையன்று என 1982-ல் நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது.

உரிமையைக் காக்கும் முதல் வேலி ஒப்பந்தம். அமெரிக்காவில் 1926-ல் இயற்றப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம், 1936-ல் விமானக் கம்பெனிகளுக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி, விமானிகளின் சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தம் தவணை கடந்ததனால் மட்டும் செத்துப்போவதில்லை. பேச்சும் சமரசமும் முடியும் வரை கம்பெனி பழைய ஷரத்துக்களையே அனுசரிக்க வேண்டும். நம் நாட்டிலும் இந்நியாயம் உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஊழியர்களின் போனஸ் பற்றிய 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தம், புதியதொன்று அதனிடத்தில் வரும்வரை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 1980-ல் கூறியது. ஓய்வூதிய நிதிக்கு நிர்வாகம் செலுத்தும் தொகையை மாற்றுவதானால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும் என்று 1947-ஆம் வருஷத்துக் கைத்தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது.

எனினும் வேலி ஒன்றே போதும் என்று நம்பி உறங்குவது பேதைமை. இன்ஷூரன்ஸ் ஊழியர் கோர்ட்டில் வென்றதை, 1981-ல் பார்லிமெண்ட் புதுச் சட்டத்தால் மாற்றியமைத்தது. 2005-ல் யுனைட்டெட் விமானக் கம்பெனி, இன்ஸால்வென்ஸி கோர்ட்டின் அனுமதி பெற்று, தன் ஓய்வூதியத் திட்டங்களைக் கைகழுவியது. நிதியில் சுமார் 980 கோடி டாலர் குறைவாயிருந்தது. அதில் சுமார் 660 கோடிக்கே சர்க்கார் காப்புறுதி உண்டு. எஞ்சியது ஊழியர்களின் நஷ்டம். ஒப்பந்தம் இருந்தது, பெட்டியில்தான் பணம் இல்லை!

நமது போக்குவரத்துக் கழகங்களின் நிலை என்ன? 1998 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அவற்றின் ஊழியருக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஆனால் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தோர் அதில் இடம்பெறவில்லை. ஓய்வுபெற்றோரின் பஞ்சப்படிக்காக 2024 ஜனவரியில் வேலை நிறுத்தமே செய்யவேண்டி வந்தது. ஒரே பஸ்ஸில் சாரதிக்கு ஒரு முதுமை, கண்டக்டருக்கு வேறொரு முதுமை என்றால், பழைய உரிமைக்காக நாளை வாதாட எத்தனை பேர் மிஞ்சுவர்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இவையே. ஓய்வூதிய ஷரத்து சங்கத்தின் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். அதற்குரிய பணம் நிர்வாகத்தின் அன்றாடச் செலவுக்கு எட்டாத தனி நிதியில் வருஷந்தோறும் சேரவேண்டும். அதன் கணக்கைத் தொழிலாளர் பார்வையிடவேண்டும். புதிதாய் வருவோரைக் கைவிட்டுத் தம்மை மட்டும் காத்துக்கொள்ளும் உடன்பாட்டுக்குச் சங்கங்கள் இசையலாகாது. வாழ்நாளெல்லாம் பிறரைச் சேரவேண்டிய ஊரில் சேர்த்தவனை, கடைசியில் நடுவழியில் இறக்கிவிடுவது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று.