மதிய இடைவேளையில் ஜெபக்கூட்டம்: சட்டம் என்ன சொல்கிறது?

தென்பெண்ணைக் கரையில், புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கிறது சோரியாங்குப்பம். அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர், தாங்கள் படிக்கும் அரசுப் பள்ளியில் மதிய இடைவேளையின்போது கூடி பைபிள் படிக்க ஒரு காலி வகுப்பறை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் அநேகமாக, "வேண்டாம்பா, வம்பு" என்பார். சட்டத்தின் பதில் அத்தனை சுருக்கமானதல்ல.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. மிஷன் பள்ளிகள் போன்ற உதவிபெறும் பள்ளிகளில் இருக்கலாம். ஆனால் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை அதில் உட்காரவைக்கக் கூடாது. இரண்டுமே பள்ளி நடத்தும் போதனையைப் பற்றியவை. பிள்ளைகள் தாங்களாகவே கூடுவது பற்றி அங்கே பேச்சே இல்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 1984இல் சட்டம் வந்தது. ஒமாஹாவின் வெஸ்ட்சைட் உயர்நிலைப் பள்ளியில் சதுரங்கத்துக்கு மன்றம் உண்டு, கடலடி நீச்சலுக்கும் உண்டு. 1985இல் பிரிட்ஜெட் மெர்கென்ஸ் என்ற மாணவி கேட்ட கிறிஸ்தவ மன்றத்துக்கு மட்டும் அனுமதியில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1990இல் எட்டு நீதிபதிகள் மாணவி பக்கம், ஒருவர் எதிர். சட்டத்தின் நிபந்தனைகள் கறாரானவை. மாணவரே தொடங்க வேண்டும், பாடவேளையில் கூடக் கூடாது, ஆசிரியர் அறையில் இருக்கலாம், கலந்துகொள்ளக் கூடாது. வெளியாள் வந்து நடத்தவும் கூடாது. கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அது மாணவர் மன்றமே அல்ல என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவர்கள் போராடி வாங்கிய அதே சட்டத்தைக் காட்டி, தன்பாலீர்ப்பு மாணவர்களும் மன்றம் கேட்டார்கள். மறுக்க வழியில்லாத சால்ட் லேக் சிட்டி கல்வி வாரியம், 1996இல் பாடம் சாராத மன்றங்கள் அத்தனையையும் மூடியது.

இந்தியாவில் அப்படியொரு சட்டம் கிடையாது. 1912இல் தோன்றிய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் பெரிதும் கல்லூரிகளில் வேர்விட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மே மாத வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளி உண்டு, அதுவும் பெரும்பாலும் சர்ச் வளாகத்தில். 2024 செப்டம்பரில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவரின் ஆன்மிகப் பேச்சு கைதுவரை போனதிலிருந்து, தலைமையாசிரியர்களின் தயக்கம் கூடித்தான் இருக்கும்.

ஆகவே அந்த நாலு பேருக்கும் அறை மறுக்கப்பட்டால், எடுத்துக்காட்ட அவர்களிடம் சட்டமில்லை. மரத்தடியில் தாங்களாக உட்கார்ந்து படித்தால் அது போதனையும் ஆகாது. ஆசிரியர் ஒருவர் வந்து நடுவில் அமர்ந்து விளக்கத் தொடங்கினால், 28ஆவது பிரிவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.