ஜெயம் என்பது எது?

'ஜெயங்கொண்ட வாழ்வு' என்று சபைகளில் அடிக்கடி பேசுகிறோம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், 2009இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்து, நோர்வூட் பக்கம் உறவினர் லயங்களுக்குத் திரும்பிய சகோதரிகளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கும். வெற்றி என்றால் அவர்களுக்கு வெடிச்சத்தந்தான் ஞாபகம்.

ஆகையால் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சொல்வேன். 1895இல் அயர்லாந்திலிருந்து இந்தியா வந்தவர். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பெண்பிள்ளைகளை மீட்டு, 'அம்மா'வாக இருந்து வளர்த்தார். 1931இல் விழுந்து கால் முறிந்தது. 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். குணத்துக்காக ஜெபித்தார்கள், குணமாகவில்லை. அவருக்கு விசுவாசம் போதாது என்று யாராவது சொல்வார்களா? நமது பெண்களிடம் மட்டும் தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள்! வலியை அவர் மறைக்கவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே, நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகப் புத்தகங்கள் எழுதினார். பவுலும் பிலிப்பியருக்குச் சந்தோஷத்தைப் பற்றி எழுதியது காவலில் இருந்துதானே.

இதைக் கேட்ட ஓர் அம்மா, காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்தபடி, "அப்ப அழுதுகிட்டே ஜெபம் பண்ணலாங்களா மிஸ்?" என்றார்.

பண்ணலாம் என்றேன்.