எந்தக் காமிக்ஸைக் கையில் கொடுப்பது?

"காமிக்ஸ் படிக்கலாம்னு பாக்கிறேன் அங்கிள், எதுல ஆரம்பிக்கிறது?" பிராங்பேர்ட்டில் பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து என்று நம்மவர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. என் வீட்டு அலமாரியில் பாதியைக் காமிக்ஸ் பிடித்திருப்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேட்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் நிற்கும் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்: "உதெல்லாம் படம் பாக்கிற புத்தகம் தம்பி. படிக்கிற புத்தகம் ஏதும் சொல்லுங்கோ."

அந்த அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம் நம் கண்டுபிடிப்பு இல்லை. 1954ல் அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி நாட்டைக் கலக்கியவர் பிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், பிறப்பால் ஜெர்மானியர். அதே காலத்தில் ஜெர்மனியிலும் ஆசிரியர்கள் காமிக்ஸைக் குப்பை என்றுதான் சொன்னார்கள். அந்த எதிர்ப்புக்கு நடுவில், 1951ல் தொடங்கிய ஜெர்மன் மிக்கி மவுஸ் இதழுக்கு ஆசிரியராக வந்தவர் எரிகா ஃபுக்ஸ். கலை வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவர். டொனால்ட் டக் பேசும் வசனத்தில் ஜெர்மன் கவிஞர்களின் வரிகளை ஒளித்து வைத்தார். பெருமூச்சு, யோசனை, நடுக்கம் இவற்றுக்கெல்லாம் வினைச்சொல்லின் வாலை வெட்டிப் புதுச் சொற்களை உண்டாக்கினார். இன்று ஜெர்மன் இளைஞர்கள் மெசேஜில் அடிக்கும் அந்த வெட்டுச் சொற்களுக்கு இவர் பெயரையே வைத்து 'எரிக்காட்டிவ்' என்கிறார்கள். 2015ல் ஷ்வார்ட்ஸென்பாக் என்ற சின்ன ஊரில் அவருக்கு ஒரு மியூசியமே திறந்தார்கள். ஒரு காமிக்ஸ் மொழிபெயர்ப்பாளருக்கு!

நமக்கும் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. சிவகாசி.

1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் மாயாவி. பிரிட்டனின் வேலியன்ட் இதழிலிருந்து வந்தவர். தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். 1984ல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது. 2005 வரை ஓடியது. பாடப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துப் படித்த தலைமுறைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று: அந்தச் சிவகாசிப் புத்தகங்களில் பெரும்பகுதி ஐரோப்பியக் கதைகள். லக்கி லூக் பெல்ஜியத்து மோரிஸ் 1946ல் உருவாக்கியவர். டெக்ஸ் வில்லர் 1948ல் இத்தாலியில் பிறந்தவர். நம் 'கேப்டன் டைகர்' பிரெஞ்சில் ப்ளூபெர்ரி. வரைந்தவர் ழான் ஜிரோ. 'இரத்தப் படலம்' என்று நாம் படித்தது வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் சேர்ந்து செய்த 'பதின்மூன்று'. அதன் 18 பாகங்களையும் லயன் 2010ல் ஒரே குண்டுப் புத்தகமாகப் போட்டது. தலையணை மாதிரி இருக்கும்.

ஆக, இங்கே நூலகத்துக் காமிக்ஸ் வரிசையில் நிற்கும் லக்கி லூக்கும், ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் வரும் லக்கி லூக்கும் ஒரே ஆள்தான். கட்டத்துக்குக் கட்டம் படம் ஒன்று. பலூனுக்குள் மொழி மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஜெர்மனில் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் அர்த்தம் தவறிப் போகாது. டால்டன் சகோதரர்கள் சிறையிலிருந்து தப்பிப்பதைப் பார்த்துக்கொண்டே 'டமால்', 'டுமீல்' படித்தால் ட-வும் ம-வும் தானாக வந்துவிடும். நான் பார்த்தவரை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் திணறுவது இலக்கணத்தில் இல்லை. வீட்டில் "எங்க போற" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் "எங்கே செல்கிறாய்" என்பதைப் பார்த்ததும் இது வேறு ஏதோ மொழி என்று மூடிவிடுகிறது. அச்சில் பேச்சு உள்ளே வர ஒரு வாசல் பலூன். லயனின் வசனம் எல்லாம் பேச்சுத் தமிழ் இல்லை. சில இடங்களில் கௌபாய்கள் மேடைப் பேச்சே பேசுவார்கள், அதுவும் ஒரு சுகம்தான். ஆனாலும் ஒரு பலூனுக்குள் எட்டு, பத்து வார்த்தைக்கு மேல் அடங்காது. முடிக்க முடியும் என்ற தைரியத்தை அந்த அளவே கொடுத்துவிடுகிறது.

ஜெர்மன்காரர்கள் இந்த வித்தையை எப்போதோ செய்துவிட்டார்கள். ஆஸ்டெரிக்ஸை இங்கே வட்டார வழக்குகளில் தனித்தனியாகப் போடுகிறார்கள். நடுவில் பள்ளம் வெட்டி இரண்டாகப் பிரிந்த ஊரின் கதை ஒன்று ஆஸ்டெரிக்ஸில் உண்டு. அதன் ஹெஸ்ஸன் வழக்குப் பதிப்புக்குப் பெயர் 'ஹிப்பெ உன் ட்ரிப்பெ': இந்தக் கரை, அந்தக் கரை. மைன் ஆற்றின் இரு பக்கத்தையும் பிராங்பேர்ட்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத் தமிழில் ஒரு ஆஸ்டெரிக்ஸ் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒரு பிரதி முன்பதிவு.

சரி, தமிழ் எழுத்தே தெரியாத பதினேழு வயதுக்கு என்ன கொடுப்பது?

அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே மாங்கா படிக்கிறவர்கள். வலமிருந்து இடமாகப் புரட்டும் பழக்கத்தை டிராகன் பால் 1997லேயே ஜெர்மனிக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர்களுக்கு நான் சொல்லும் அடுத்த படி நவோகி உராசவாவின் 'மான்ஸ்டர்'. பதினெட்டுப் பாகம், கதை தொடங்குவது 1986ல், டியூசல்டோர்ஃபில். டென்மா என்ற ஜப்பானிய மூளை அறுவை நிபுணர், மேயரை விட்டுவிட்டு முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். ஆஸ்பத்திரியில் அவர் எதிர்காலம் அதோடு சரிகிறது. பல வருடம் கழித்து அந்தச் சிறுவன் யாரென்று தெரியும்போது கதை வேறு எங்கோ போகிறது. த்ரில்லர் பிடிக்கும் பிள்ளை இதைக் கீழே வைக்காது. வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்த அம்மா அப்பாவும் டென்மாவைப் படிக்கலாம். மேலதிகாரி சிரித்துப் பேசுகிற வரைக்கும்தான் நாம் 'நம்ம ஆள்' என்பது அவருக்குத் தெரிகிற இடம் ஒன்று வரும்.

சூப்பர் ஹீரோக்களை நான் பரிந்துரைப்பதில்லை. சினிமாவே போதுமான அளவு காட்டிவிட்டது. ஆலன் மூரின் 'வாட்ச்மென்' மட்டும் விதிவிலக்கு, அதுவும் பதினாறுக்கு மேல்.

வகை எது என்று கேட்பதைவிட, படிக்கப் போகிறவர் மனசில் என்ன கேள்வி ஓடுகிறது என்று கேட்டால் சரியான புத்தகம் அமைகிறது. "நான் எந்த ஊர்?" என்ற கேள்வி நம் பிள்ளைகள் எல்லோரிடமும் உண்டு. அதற்கு ஜீன் லூயென் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்'. 2006ல் வந்தது. பள்ளியில் ஒரே சீனப் பையனாக இருப்பவனின் கதையும், குரங்கு ராஜாவின் புராணக் கதையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னும். (யாங் பள்ளியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.) மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' இன்னும் நெருக்கம். ஈரான் போருக்கு நடுவில் பதினாலு வயதுப் பெண்ணைப் பெற்றோர் தனியாக வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் ஜெர்மன் பேசப் பழகி, நான் ஈரான்காரி இல்லை என்று ஒரு விருந்தில் பொய் சொல்கிற அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. கோவை விடியல் பதிப்பகம் இதைத் தமிழிலும் போட்டிருக்கிறது. அம்மா தமிழில், மகள் ஜெர்மனில்.

அம்மம்மாவும் சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் ஷான் டானின் 'தி அரைவல்'. ஒரு வார்த்தை கூடக் கிடையாது. ஒருவர் குடும்பத்தை விட்டுக் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகிறார். அங்கே எழுத்து, மிருகம், சாப்பாடு எதுவுமே நமக்கும் புரியாதபடி வரைந்திருக்கிறார். நான் வந்த புதிதில் பிராங்பேர்ட் ரயில் நிலையத்து டிக்கெட் எந்திரம் எனக்கு அப்படித்தான் இருந்தது. டானின் அப்பாவும் மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்.

இன்னொரு கேள்வி உண்டு. பிள்ளைகள் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. "அப்பா ஏன் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேங்கிறார்?"

ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. யூதர்கள் எலிகளாக, நாஜிகள் பூனைகளாக வருவார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது, டேப் ரெக்கார்டரோடு அப்பா முன் உட்காரும் மகன். அப்பா ஆஷ்விட்ஸில் தப்பியவர். அதே சமயம் கஞ்சர், தொணதொணப்பவர், கூட இருக்கவே முடியாத மனிதர். கஷ்டப்பட்டவர் எல்லோரும் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகம் சொல்வதில்லை. 1992ல் அதற்கு புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. இதையே எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்டவர் கார்ல்ஸ்ரூவில் பிறந்த நோரா க்ரூக். 2018ல் வந்த 'ஹைமாட்' புத்தகத்தில், தன் தாத்தா நாஜி காலத்தில் என்ன செய்தார் என்று பழைய ஆவணங்களையும் போட்டோக்களையும் தோண்டுகிறார். ஜெர்மன் பள்ளியில் இந்த வரலாற்றைப் பரீட்சைக்குப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு, வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களின் வீட்டிலும் பேசாத கதைகள் உண்டு என்று அது காட்டும்.

பிறகு 'வன்னி'. 2019ல் ஆங்கிலத்தில் வந்த கிராபிக் நாவல். எழுதியவர் பென்ஜமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சே பொலாக். டிக்ஸ் ஐ.நா. ஊழியராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியதைப் பார்த்துவிட்டு வந்தவர். உயிர் தப்பி வந்தவர்களிடம் கேட்ட சாட்சியங்களைக் கோர்த்து, கற்பனைக் குடும்பம் ஒன்றின் கதையாகச் செய்திருக்கிறார். சுனாமியில் தொடங்கி 2009 மே வரை போகிறது. முதல் பக்கங்களில் மீன், கோயில், சண்டை, சிரிப்பு என்று ஒரு ஊர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டதால்தான் பிறகு அந்த ஊர் மூட்டையோடு ஒவ்வொரு இடமாக நகர்வதைத் தாங்க முடிவதில்லை. நான் தமிழ்நாட்டுக்காரன், 2009ல் இதை டிவியில் பார்த்தவன். டிவியில் ஒரு காட்சி மூன்று விநாடியில் போய்விடும். காகிதத்தில் அது போகாது. நாம் புரட்டினால்தான் போகும். பதினாறு வயதுக்குக் கீழே இதைக் கொடுக்க மாட்டேன். அதற்கு மேல் என்றாலும் தனியாகப் படிக்க விட வேண்டாம், அப்பாவோ அம்மாவோ அதே வாரம் படிக்கட்டும் என்பேன். "இது இப்பிடி நடக்கேல்லை, நாங்கள் வேற பக்கத்தால போனனாங்கள்" என்று ஒரு அம்மா பக்கத்தைத் தொட்டுச் சொல்லத் தொடங்கியதை நான் கேட்டிருக்கிறேன்.

நம் சொந்த அழுக்கைப் பற்றியும் ஒரு புத்தகம் வேண்டுமே. விருந்தில் "ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?" என்று பெரியவர்கள் நைசாகக் கேட்பதன் அர்த்தம் பிள்ளைக்குப் புரியாதபோது, 'பீமாயணம்' கொடுங்கள். அம்பேத்கர் தண்ணீர் கேட்ட கதை. துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு ஓவிய மரபில் வரைந்தது. கட்டமே கிடையாது, மனிதர்களை வேலிக்குள் அடைக்க விருப்பமில்லை என்பது அவர்கள் தரப்பு. காலச்சுவடு வெளியீடாகத் தமிழில் உண்டு.

ஜெர்மன் காமிக்ஸில் வந்தேறிகள் கதை இல்லையா என்று ஒரு பையன் கேட்டான். இருக்கிறது. பிர்கிட் வெய்ஹேயின் 'மாட்ஜெர்மேன்ஸ்', கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த மொசாம்பிக் மக்களைப் பற்றியது. ரைன்ஹார்ட் க்ளைஸ்டின் ஒலிம்பிக் கனவுப் புத்தகம், 2008ல் பெய்ஜிங்கில் ஓடிவிட்டு 2012ல் மத்தியதரைக் கடலில் மூழ்கிப்போன சோமாலியப் பெண் சாமியா யூசுப் ஓமரின் கதை.

நம்முடைய கதை ஒன்று மட்டும் வரையப்பட்டு நான் இன்னும் பார்க்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஈழத்திலிருந்து வந்த பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். அந்த எல்லையை எல்லை என்று மேற்கு ஏற்காததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆள் கிடையாது. பனிப்போரின் ஒரு ஓட்டை வழியாக ஒரு சமூகமே நுழைந்தது. அன்று இருபது, இருபத்தைந்து வயதில் வந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். வரையத் தெரிந்த பிள்ளை யாராவது அவர்களிடம் போனால், அரசியலை அப்புறம் கேட்கலாம். வரைவதற்குத் தேவையானது வேறு: என்ன சட்டை போட்டிருந்தீர்கள், கையில் என்ன பை, அந்த ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தீர்களா, வெளியே என்ன தெரிந்தது.