எல்விஸுக்கே 'நோ' சொன்ன டாலி பார்ட்டன்... ஒரு பாட்டின் கதை!

விட்னி ஹூஸ்டன் உருகி உருகிப் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எழுதியவர், அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன். ஆனால், காதலருக்காக அல்ல. தன் டி.வி நிகழ்ச்சி மூலம் டாலியைப் பிரபலமாக்கியவர் போர்ட்டர் வாகனர். அவரைப் பிரிந்து தனியாகப் பாடக் கிளம்பியபோது, நன்றியோடு விடைபெற எழுதியது. 1974-ல் கன்ட்ரி பாடல்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இதைப் பாட ஆசைப்பட்டார் எல்விஸ் பிரெஸ்லி. 'பாட்டின் உரிமையில் பாதி வேண்டும்' என்றார் அவருடைய மேனேஜர். டாலி மறுத்துவிட்டார். அன்றிரவு முழுக்க அழுததாகப் பின்னாளில் சொன்னார்.

1975-ல் லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். 1982-ல் டாலியே ஒரு படத்துக்காக மறுபடி பாட, மீண்டும் முதலிடம். 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி பாடியது, அமெரிக்காவில் 14 வாரங்கள் நம்பர் 1! அன்று பாதியை விட்டுக்கொடுக்காததால், அதன் ராயல்டியும் டாலியைத் தேடி வந்தது.